தரைவீட்டுக் கோழிக்கூண்டைச் சீர்படுத்துவது எப்படி? சிங்கப்பூரில் புதிதாகக் கோழி வளர்ப்பவர்களுக்கு

இணையக் கடைகளில் கிடைக்கும் மரக் கோழிக்கூண்டுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டை மனத்தில் வைத்துச் செய்தவை. நாலு பக்கமும் பலகை, சின்னதாக ஒரு சன்னல், மேலே தார்த்தாள் ஒட்டிய கூரை. பனி விழும் ஊரில் கோழி கதகதப்பாக இருக்க அது போதும். நம் ஊரில் வருஷம் முழுக்க 31, 32 டிகிரி வெயில், காற்றில் எந்நேரமும் ஈரம். அந்தப் பெட்டிக்குள் அடைத்த கோழி ராத்திரியிலும் வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கும். எங்களுக்குக் கூண்டு விற்றவர் 'வெளியில் வைக்கிற மரம், ஐந்து வருஷம் தாங்கும்' என்று சொல்லித்தான் விற்றார். முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்தபோது தரைப்பலகையை விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போனது.

அதைப் பிரித்துச் சீர்படுத்தி முடிப்பதற்குள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். முக்கியமானதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதலில் வலை, அப்புறம் கூரை, அப்புறம் தரை. பெயின்ட், அலங்காரக் கதவு, தானாகத் திறக்கும் மின்கதவு எல்லாம் மிச்சப் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

1. உங்கள் வீட்டில் கோழி வைக்கலாமா என்று பாருங்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கோழி வளர்க்க முடியாது. தாழ்வாரத்திலும் முடியாது, கீழ்த்தளப் புல்வெளியிலும் முடியாது. கூட்டுரிமை வீடு (கொண்டோமினியம்) என்றாலோ, தரைவீடாக (சொந்த நிலத்தோடு உள்ள வீடாக) இருந்தும் பொது நிர்வாகத்தின் கீழ் வரும் வளாகம் என்றாலோ, நிர்வாகக் குழுவின் விதிகளை முதலில் வாங்கிப் படியுங்கள்.

தனியார் தரைவீட்டில், விற்பனைக்கு இல்லாமல், வளர்ப்புப் பிராணியாக 10 பறவைகள் வரை வைத்துக்கொள்ளலாம். கோழி, வாத்து எல்லாம் சேர்த்து 10. வெளிப்பறவைகள் உள்ளே புக முடியாத கூண்டுக்குள் அவை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பறவைக் காய்ச்சல் காட்டுப் பறவைகளிடமிருந்து வீட்டுக் கோழிக்குத் தொற்றக்கூடியது, அதனால்தான் இந்த விதி. பகலில் தோட்டத்தில் மேயவிட்டு ராத்திரி அடைப்பது என்ற கிராமத்துப் பழக்கம் இங்கே செல்லாது. ஆகவே நீங்கள் கட்டப்போவது ராத்திரி தூங்கும் இடம் மட்டும் இல்லை, பகல் முழுக்க நடமாடும் இடமும்தான். அளவைத் தீர்மானிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இதற்குப் பொறுப்பான அமைப்பு தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் உள்ள ஏவிஎஸ் என்னும் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவு. விதிகள் அவ்வப்போது மாறும். மரம் வாங்குவதற்கு முன் அவர்கள் இணையப் பக்கத்தில் இன்றைய நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

இன்னொன்று. ஜொகூர் பாருவில் கோழி மலிவு என்று காரில் வைத்துக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாமல் பறவைகளைக் கொண்டுவந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

2. காகிதங்களும் அண்டைவீட்டாரும்

ஒரு கோப்பு தொடங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல். வாய்வார்த்தையை நம்பாதீர்கள், ஒரு மின்னஞ்சல் போதும். கோழி வாங்கிய ரசீது. ஏவிஎஸ்ஸிடம் ஏதாவது கேட்டு எழுதியிருந்தால் அவர்கள் அனுப்பிய பதிலின் அச்சுப்பிரதி. கூண்டை முடித்ததும் நாலு பக்கமும் மேலேயும் எடுத்த படங்கள். யாராவது புகார் செய்து அதிகாரி வந்து நின்றால், இந்தக் கோப்பு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் பெரிய வித்தியாசம்.

கூண்டை எங்கே வைப்பது என்பதிலும் காகிதம் நுழையும். தூக்கி நகர்த்தக்கூடிய கூண்டாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கான்கிரீட் போட்டு, எல்லைச் சுவரோடு சேர்த்து நிரந்தரக் கூரை எழுப்பினால் அது கட்டட வேலை ஆகிவிடும். நகர மறுசீரமைப்பு ஆணையம், கட்டட கட்டுமான ஆணையம் இரண்டின் விதிகளையும் பார்க்க வேண்டிவரும். கட்டும் வேலையை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர் 'இதுக்கெல்லாம் யாரும் வரமாட்டாங்க' என்று சொன்னால், அனுமதி வாங்கும் பொறுப்பு யாருடையது என்பதை விலைச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அண்டைவீட்டாரிடம் கூண்டு வருவதற்கு முன்பே பேசுங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் 'சேவல் இல்லை, ஆறு பெட்டைதான், நாற்றம் வந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள்' என்று கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. நம் ஊரில் ஏழு மணிக்குத்தான் விடிகிறது, சேவல் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். குஞ்சாக வாங்கினால் எது சேவலாகும் என்று தெரியாது, அதனால் முட்டையிடத் தயாராக உள்ள 16 முதல் 18 வாரப் பெட்டைகளாக வாங்குங்கள்.

3. எதையும் வாங்கும் முன் இப்போதைய கூண்டைப் பாருங்கள்

ஏற்கெனவே கூண்டு இருக்கிறது, அதைச் சீர்படுத்த வேண்டும் என்றால், மூன்று வேளைகளில் போய்ப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொடுங்கள். கை பொறுக்கவில்லை என்றால் அந்தச் சூடு அப்படியே கோழி மேல் இறங்குகிறது. கனமழை பெய்யும்போது குடையோடு நின்று சாரல் எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று பாருங்கள். விடியுமுன், கோழி இன்னும் இறங்காத நேரத்தில், அது நிற்கும் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால் அம்மோனியா சேர்ந்திருக்கிறது. நின்றபடி முகர்ந்தால் தெரியாது. கோழியின் மூக்கு எங்கே இருக்கிறதோ அங்கே முகர வேண்டும்.

4. கூரையும் காற்றும்

இங்கே கோழியைக் கொல்வது குளிர் இல்லை, தேங்கிய சூடு. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும். காற்றும் ஈரமாக இருந்தால் அதுவும் சரியாக நடக்காது. அதனால் கூண்டு ஒரு பந்தல் மாதிரி இருக்க வேண்டும்: மேலே நல்ல கூரை, சுற்றிலும் பெரும்பாலும் வலை.

ஒரே ஒரு பக்கம் மட்டும் அடைத்த சுவர் வையுங்கள், அது மேற்குப் பக்கமாக இருக்கட்டும். காரணம் இரண்டு. பிற்பகல் வெயில் அங்கிருந்து வருகிறது. சுமத்ராக் காற்று என்று சொல்கிறோமே, விடியற்காலையில் திடீரென மரத்தை முறிக்கிற வேகத்தில் மழையோடு வருவது, அதுவும் மேற்கிலிருந்துதான் வருகிறது. வடக்கு, கிழக்குப் பக்கங்களில் சுருட்டி ஏற்றி இறக்கும் மூங்கில் தட்டியோ கேன்வாஸோ போதும். டிசம்பர், ஜனவரியில் இறக்கிவிடலாம், மற்ற மாதங்களில் சுருட்டியே இருக்கட்டும். மேற்குச் சுவரிலும் கூரைக்குக் கீழே ஒரு சாண் இடம் வலையாக விடுங்கள். சூடான காற்று மேலேதான் போகும், அது வெளியேற வழி வேண்டும்.

கூரை சுவரைத் தாண்டி 50 முதல் 60 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆயத்தக் கூண்டுகளில் இது 10 சென்டிமீட்டர்கூட இருக்காது. பலகை ஊதிப்போவதற்கும் தரை நனைவதற்கும் முதல் காரணம் இந்தக் குட்டைக் கூரைதான். பழைய கூண்டை வைத்துக்கொள்ள விரும்பினால், அதன் மேல் தனிக்கால்கள் நட்டு ஓர் அகலமான கூரை போடுங்கள். இரண்டு கூரைக்கும் இடையே கையளவு இடைவெளி விட்டால் அதன் வழியே காற்று ஓடி மேல்தகட்டின் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை வேறு இல்லை.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரையை வாங்காதீர்கள். வெளிச்சமாக இருக்கிறது என்று கடையில் ஆசை வரும். பிற்பகலில் உள்ளே நிற்க முடியாது.

உயரத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நீங்கள் நிமிர்ந்து நிற்க முடிந்தால்தான் ஒழுங்காகச் சுத்தம் செய்வீர்கள். குனிந்து நுழைய வேண்டிய கூண்டு இரண்டு மாதத்தில் அழுக்காகிவிடும்.

பரப்பளவைப் பொறுத்தவரை, தூங்கும் பகுதியில் ஒரு கோழிக்கு 0.4 சதுர மீட்டர், நடமாடும் பகுதியில் குறைந்தது 1 சதுர மீட்டர். முடிந்தால் இரண்டாவதை இரட்டிப்பாக்குங்கள். இடம் நெருக்கமானால் ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும்.

5. வலை

கடையில் 'கோழிவலை' என்று கேட்டால் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கம்பிவலையைத் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. நாய் பல்லால் கிழித்துவிடும், எலி வலைக்கண் வழியே புகுந்துவிடும், மைனாவும் புறாவும் தலையை நுழைத்துத் தீனி தின்னும்.

உங்களுக்கு வேண்டியது அரை அங்குலக் கண், அதாவது ஏறத்தாழ 12 மில்லிமீட்டர், துத்தநாகம் பூசிய வெல்டு வலை. அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். கம்பி எவ்வளவு தடிமன் என்றும் கேளுங்கள், கையால் மடக்கினால் எளிதில் வளையும் வலை வேண்டாம். ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளில் சுருளாகவும் மீட்டர் கணக்கிலும் விசாரிக்கலாம். சுருளாக வாங்கினால் மலிவு.

நம் ஊரில் கோழிக்கு யார் யார் வருவார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. உடும்பு பகலில் வந்து முட்டை எடுக்கும். மரநாய் ராத்திரியில் கூரை வழியே வரும். எலி எப்போதும் வரும். புக்கிட் தீமா, மண்டாய் போன்ற காட்டோரப் பகுதிகளில் குரங்கு கொக்கியைத் திறக்கும். எல்லாரையும்விடப் பெரிய ஆபத்து மலைப்பாம்பு. வடிகால் வழியாக நகரத்தின் எந்த மூலைக்கும் அது வரும், காடு பக்கத்தில் இல்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது. எங்கள் கூண்டில் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி மூன்று விரல் அகலம்கூட இருக்காது. ஒரு காலையில் முட்டைப்பெட்டியைத் திறந்தால் வைக்கோல் மேல் சுருண்டு கிடந்தது. கோழியை விழுங்கி வயிறு புடைத்துவிட்டதால் வந்த வழியே திரும்பிப் போக முடியவில்லை. மீதிக் கோழிகள் உயர்ந்த கம்பின் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் நின்றன.

அப்படி ஒன்றைப் பார்த்தால் அடிக்காதீர்கள், பிடிக்கவும் போகாதீர்கள். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, தூர நின்று கண்காணித்தபடி, பூங்காக் கழகத்தின் 1800-476-1600 என்ற எண்ணை அழையுங்கள்.

வலையடிக்கும்போது இவற்றைக் கவனியுங்கள். மேற்பகுதியும் வலையாலோ கூரையாலோ முழுதாக மூடியிருக்க வேண்டும். வலையைச் சின்ன ஸ்டேப்பிள் ஊசியால் மட்டும் அடித்துவிட்டுப் போக விடாதீர்கள். மேலே ஒரு மரச்சட்டமோ அகல வாஷரோ வைத்துத் திருகாணியால் இறுக்கச் சொல்லுங்கள். தரையில் வலையை வெளிப்பக்கமாக 30 சென்டிமீட்டர் மடக்கிப் படுக்கவைத்து, மேலே கல் அடுக்குங்கள் அல்லது மண்ணால் மூடுங்கள். தோண்டி வரும் பிராணி சுவரோரத்தில்தான் தோண்டும், அங்கே வலை தடுக்கும். ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு தாழ்ப்பாள், அதில் ஒன்று கேரபினர் கொக்கி மாதிரி விரலால் அழுத்தித் திறப்பதாக இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் உங்கள் சுண்டுவிரலை எடுத்துக்கொண்டு கூண்டை ஒரு சுற்று வாருங்கள். கதவுச்சந்து, கூரை மடிப்பு, முட்டைப்பெட்டியின் மூடி, எங்கே விரல் தாராளமாக நுழைகிறதோ அங்கே எல்லாம் ஒரு துண்டு வலை அடியுங்கள். குத்தகைக்காரருக்கு மீதிப் பணத்தை இதற்கு அப்புறம் கொடுங்கள்.

6. தரை

மண்தரையில் நேராக வைத்த கூண்டு இங்கே சேறாகிவிடும். நம் களிமண் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. சேறு என்றால் ரத்தக்கழிச்சல், குடற்புழு, ஈ, நாற்றம் எல்லாம் சேர்ந்து வரும். நடைக்கல் பரப்பி, ஒரு பக்கம் லேசாகச் சரித்து, அதன் மேல் கூளம் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. தூங்கும் பகுதி தரையிலிருந்து 50 சென்டிமீட்டராவது உயரத்தில் இருந்தால் கீழே நிழலும் கிடைக்கும், கோழிகள் பகலில் அங்கேதான் போய்ப் படுக்கும்.

கூளமாக மரச்சுருளை 10 முதல் 15 சென்டிமீட்டர் தடிமனில் போடுங்கள். பொடியான மரத்தூள் வேண்டாம், தூசி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விட்டால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், அந்த இடத்தை வாரி எடுத்துப் புதிதாகப் போடுங்கள். தூங்கும் கம்புக்கு நேர்கீழே மட்டும் தினமும் எச்சத்தை வாரிவிட்டால், மொத்தக் கூளத்தை மாற்றும் வேலை சில மாதங்களுக்கு ஒருமுறை வந்தால் போதும்.

வாரியதை ஹோஸ் பைப்பால் வடிகாலுக்குத் தள்ளாதீர்கள். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் குடிநீருக்கான நீர்ப்பிடிப்புப் பகுதி, வடிகாலில் விட்டது நீர்த்தேக்கத்தில் போய்ச் சேரும். காய்ந்த இலையோடு கலந்து மூடிபோட்ட தொட்டியில் இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டால் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் அதைவிட நல்ல உரம் இல்லை. பச்சையாகப் போட்டால் வேர் கருகும்.

7. கம்பும் முட்டைப்பெட்டியும்

கோழி ஒன்றுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம் வருமாறு, 4 அல்லது 5 சென்டிமீட்டர் அகலமுள்ள, விளிம்பு மழுக்கிய மரக்கம்பு. இரும்புக்குழாய் வேண்டாம். முட்டைப்பெட்டி நாலு கோழிக்கு ஒன்று, 30 சென்டிமீட்டர் கனசதுரம், கம்பைவிடத் தாழ்வாக. உயரமாக வைத்தால் அதிலேயே தூங்கி அசிங்கம் செய்யும்.

8. தண்ணீர், தீனி, கொசு

ஒரு கோழி சாதாரண நாளில் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும், வெயில் நாளில் இரண்டு மடங்குகூடப் போகும். திறந்த கிண்ணத்துக்குப் பதில், கோழி கொத்தினால் மட்டும் தண்ணீர் சொட்டும் நிப்பிள் குழாய் பொருத்திய வாளி வையுங்கள். கீழே சிந்தாது, கொசுவும் முட்டையிடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஒரு வாரம் போதும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து சோதிக்கும்போது கோழிக்கிண்ணத்தையும் பார்ப்பார்கள். கூரைப்பள்ளம், தார்ப்பாய் மடிப்பு, நடைக்கல் குழி எல்லாவற்றையும் மழை விட்டதும் ஒரு பார்வை பாருங்கள். டெங்கி நமக்கு என்றால், கொசு கடித்துப் பரவும் அம்மை கோழிக்கு.

தீனி ஒரு கோழிக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம். ஆறு கோழிக்கு மாதம் ஏறத்தாழ 20 கிலோ ஆகும். மூடியுள்ள உலோக டப்பாவில் வையுங்கள், பிளாஸ்டிக்கை எலி கடித்துவிடும். மாலையில் மிச்சத் தீனியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். வெளியே சிந்தியதைத் தின்னப் புறா கூடினால் அண்டைவீட்டார் பொறுக்கமாட்டார்கள். புறாவுக்கு உணவிடுவது இங்கே குற்றமும்கூட.

9. செலவும் நேரமும்

ஆறு கோழிக்கு எங்களுக்கு ஆன கணக்கைச் சொல்கிறேன், இதை வைத்து நீங்கள் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளலாம். வலை 250 வெள்ளிக்கு அருகில். துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், வெல்டிங் கூலியோடு 700. கூரைத்தகடும் அடியில் ஒட்டும் வெப்பத்தடுப்புப் பாயும் 180. நடைக்கல்லும் மணலும் 120. தாழ்ப்பாள், திருகாணி, மூங்கில் தட்டி, வாளி இவையெல்லாம் சேர்த்து 150. மொத்தம் 1,400 வெள்ளி. பழைய சட்டம் உறுதியாக இருந்து, மேல்கூரை, வலை, தரை மட்டும் நீங்களே மாற்றினால் இதில் பாதிக்குள் முடிக்கலாம். சட்டத்துக்கு மரம்தான் வேண்டும் என்றால் சுங்கை காடுட் மரக்கடைகளில் சிங்கால் என்னும் கெட்டி மரத்தை வாங்கலாம். பைன் மரம் கரையானுக்கும் ஈரத்துக்கும் தாங்காது.

வேலையை ஜூன் முதல் செப்டம்பருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் வந்துவிட்டால் மழைக்கு நடுவே வெல்டிங்கும் நடக்காது, பெயின்ட்டும் காயாது. கோழிகளைத் தற்காலிகமாக வைக்க ஒரு கூண்டு தேவைப்படும், அதுவும் பறவை புகாததாக, நிழலில் இருக்க வேண்டும். அதைத் தயாராக வைத்துவிட்டுத்தான் பழையதைப் பிரிக்க வேண்டும். குத்தகைக்காரர் இரண்டு நாள் என்றால் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10. குடியேற்றம்

முதல் சில நாட்கள் கோழிகளைத் தூங்கும் பகுதியிலேயே தீனி, தண்ணீரோடு அடைத்து வையுங்கள். அப்புறம் திறந்துவிட்டால் மாலையில் தாமாகவே திரும்பும். திரும்பாமல் நடமாடும் பகுதியின் மூலையில் சுருண்டு கிடந்தால், இருட்டியதும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கம்பில் வையுங்கள். இடம் மாறியதால் ஒரு வாரம், பத்து நாள் முட்டை குறைவது இயல்பு. அதற்கு மேலும் நீண்டால், ராத்திரி டார்ச் விளக்கோடு போய் வெள்ளை டிஷ்யூவைக் கம்பின் அடிப்பக்கத்தில் அழுத்தித் தேயுங்கள். சிவப்பாகத் தீற்றல் விழுந்தால் அது செள்ளு. பகலில் மரச்சந்தில் ஒளிந்திருந்து ராத்திரி ரத்தம் குடிக்கும். கம்பைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, சந்துகளைத் தேய்த்து, வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள், இல்லாவிட்டால் முட்டையிலிருந்து வந்தவை தொடரும்.

புதிதாகக் கோழி சேர்த்தால் 30 நாள் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தோடு விடுங்கள். கோழியைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் இங்கே குறைவு, அதனால் நோய் வருவதற்கு முன்பே எந்த மருத்துவமனையில் பார்ப்பார்கள், கட்டணம் எவ்வளவு என்று தொலைபேசியில் கேட்டு அந்தக் கோப்பில் எழுதி வையுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் திடீரென்று கோழிகள் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். உடனே ஏவிஎஸ்ஸுக்குச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.